இளையோர் உள்ள வீட்டில் வேகக் கார்: காப்பீடு எதைக் காக்கும், எதைக் காக்காது

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு வீட்டின் பதின்வயதுப் பிள்ளை கார் ஓட்டத் தொடங்கிவிட்டால் அந்தக் குடும்பம் செலுத்தும் வாகனக் காப்பீட்டுக் கட்டணம் கடுமையாக உயரும். அந்தக் கார் ஸ்போர்ட்ஸ் கார் வகையாக இருந்தாலோ அந்தப் பிள்ளையின் பெயரைப் பாலிசியில் சேர்ப்பதற்கே நிறுவனங்கள் தயங்கும். இந்தியாவில் கட்டணம் பெரும்பாலும் வண்டியைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறதே அன்றி ஓட்டுபவரின் வயதைப் பார்த்து அன்று. பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் தேர்டு பார்ட்டி காப்பீட்டுக்கு, 2022 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையின்படி, 1500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட தனியார் கார் எதுவாயினும் ஆண்டுக்கு வரி நீங்கலாக 7,897 ரூபாய்தான். ஐந்து லிட்டர் எஞ்சின் பொருத்திய ஃபோர்டு மஸ்டாங்குக்கும், முகூர்த்த நாட்களில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகும் இன்னோவா கிறிஸ்டாவுக்கும் அதே தொகை. காரின் சொந்தச் சேதத்துக்கான கட்டணமோ வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. சென்னை முதல் மண்டலத்திலும் திருச்சிராப்பள்ளி இரண்டாம் மண்டலத்திலும் இருப்பதால் டிஎன் 45 என்றோ டிஎன் 48 என்றோ தொடங்கும் திருச்சி, ஸ்ரீரங்கம் பதிவெண் கொண்ட காருக்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

ஆகவே தில்லை நகரிலோ கே.கே. நகரிலோ வேகக் கார் ஒன்றை வாங்கும் குடும்பத்தில் பதினாறு வயது மகன் இருப்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழுவதில்லை. இது சலுகைபோலத் தோன்றினாலும் உண்மையில் பெரிய குறை. மற்ற நாடுகளில் கட்டண உயர்வு ஒவ்வொரு ஆண்டும் பெற்றோருக்குத் தரும் எச்சரிக்கை இங்கே தரப்படுவதில்லை. அந்த எச்சரிக்கையைக் குடும்பம் தானாகவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டணம் கேட்காத கேள்வியை இழப்பீடு கேட்கும் வேளையில் நிறுவனம் தவறாமல் கேட்கும், ஏனெனில் விபத்தின்போது வண்டியை ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பாலிசியிலும் அச்சிடப்பட்டுள்ள நிபந்தனை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொது இடத்தில் வண்டி ஓட்டுவதற்குப் பதினெட்டு வயதை வரம்பாக வைத்திருக்கிறது. பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லா இருசக்கர வண்டிக்கு மட்டுமே செல்லும். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 110 சிசிக்குக் குறையாதவை என்பதால், அந்த உரிமத்தை நம்பி டியூஷனுக்கு ஸ்கூட்டர் கொடுத்தனுப்புவது உரிமமே இல்லாமல் அனுப்புவதற்குச் சமம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 199ஏ பிரிவு இதை இன்னும் கடுமையாக்கியது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறாருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

2024 மே 19 அன்று அதிகாலையில் புனேயின் கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே டைகான் கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்த நிகழ்வு நாடு முழுவதும் இந்தப் பிரிவைப் பேசவைத்தது. அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவே ஆகியிருக்கவில்லை. டைகான் போன்ற மின்சாரக் காருக்கு, அதன் திறன் 65 கிலோவாட்டைக் கடந்தால், அதே 2022 அட்டவணைப்படி ஓராண்டுத் தேர்டு பார்ட்டி கட்டணம் 6,712 ரூபாய் மட்டுமே. கோடிக்கணக்கில் விலைபோகும் காரின் ஆபத்தை அந்தத் தொகையைக் கொண்டு எந்தப் பெற்றோரும் அளந்துவிட முடியாது.

ஸ்ரீரங்கத்துக்கே உரிய ஒரு நிலைமையைத் தனியே சொல்ல வேண்டும். சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் இங்கே வசிக்கும் வீடுகள் ஏராளம். கார் மகன் பெயரில் பதிவாகியிருக்கும், சாவி தாத்தாவிடம் இருக்கும். கோடை விடுமுறைக்கு வரும் பதினாறு அல்லது பதினேழு வயதுப் பேரன் தன் மாநிலத்தில் முறையாகப் பெற்ற உரிமத்தைக் காட்டி, அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகியவன் என்பதால், கொள்ளிடம் பாலம் வரை ஒரு சுற்றுப் போய்வருவதாகக் கேட்பது இயல்பு. அங்கே செல்லும் அந்த உரிமம் இங்கே அவனுடைய வயதை மாற்றிவிடாது. பதினெட்டு நிரம்பாதவர் இந்தியச் சாலையில் கார் ஓட்டக் கூடாது என்ற விதி உரிமம் எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. விபத்து நேர்ந்தால் உரிமையாளரான மகன் கலிஃபோர்னியாவில் இருப்பார், வழக்கு திருச்சி நீதிமன்றத்தில் நடக்கும், சாவியைக் கொடுத்த முதியவர் காவல் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பேரனின் திறமையைப் பற்றிய சந்தேகம் இதில் சிறிதும் இல்லை. அந்த முதியவரை அந்த நிலைக்கு ஆளாக்கக் கூடாது என்பதே கருத்து.

உரிமமற்றவர் ஓட்டிய வண்டியால் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்பதைத் தொகையாகவே பார்ப்பது நல்லது. சர்லா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, இறந்தவர் மாதம் 30,000 ரூபாய் ஈட்டிய இருபத்தெட்டு வயதுச் சுயதொழிலர் என்று கொண்டால், ஆண்டு வருமானமான 3,60,000 ரூபாயுடன் எதிர்கால உயர்வுக்காக நாற்பது விழுக்காடு சேர்க்கப்பட்டு 5,04,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்பட்டு 3,36,000 ஆகும். அந்த வயதுக்கு உரிய பெருக்கு எண்ணான 17ஆல் பெருக்கினால் 57,12,000 ரூபாய் வரும். இறுதிச் சடங்கு போன்ற சிறு தலைப்புகளும் வட்டியும் இதற்கு மேல். உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்பதற்காக இறந்தவரின் குடும்பம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாறு வசூலிக்க வேண்டிய தொகையை நில வரி பாக்கியைப் போல மாவட்ட ஆட்சியர் வழியாகத் தண்டவும் வழி உண்டு. பணம் முதலில் எவர் கையிலிருந்து போனாலும், கடைசியில் அது உரிமையாளரின் வீட்டையும் சேமிப்பையும் தேடி வந்துவிடும்.

'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்ற சொல் இங்கே பெரும்பாலும் உதவுவதில்லை. உறவுக்காரச் சிறுவன் சாவியை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் சைக்கிளில் விபத்து ஏற்படுத்திய ஒரு வழக்கில், வண்டி தவறாகப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறி, நிறுவனம் அவரிடமிருந்து பணத்தை வசூலிக்க இடமளித்தது. 199ஏ பிரிவும் தக்க கவனத்தோடு தடுக்க முயன்றதாக மெய்ப்பிக்கும் பெற்றோருக்கு விலக்கு அளிக்கிறது என்றாலும், மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழுகிறது. வாசல் நிலையில் அறைந்த ஆணியில் கார்ச் சாவி, ஸ்கூட்டர்ச் சாவி, பூட்டுச் சாவி எல்லாம் ஒன்றாகத் தொங்கும் வழக்கமுள்ள வீட்டில் அந்த மெய்ப்பிப்பு கடினம். சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதும், மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்வதும், கைப்பேசிச் செயலியால் திறந்து இயக்கக்கூடிய புதிய கார்களில் பிள்ளையின் கைப்பேசிக்கு அந்த அனுமதியைக் கொடுக்காமல் இருப்பதும் இந்தச் சட்டம் கேட்கும் கவனத்தின் நடைமுறை வடிவங்கள்.

பதினெட்டு நிரம்பியதும் நிலைமை மாறுகிறது, ஆனால் முழுவதும் அன்று. பழகுநர் உரிமம், அதாவது பேச்சுவழக்கில் எல்.எல்.ஆர். எனப்படுவது, பெற்றவர் ஓட்டும்போதும் பாலிசி செல்லும். ஆயினும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் மூன்றாம் விதிப்படி முறையான உரிமம் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில் அருகில் அமர்ந்திருக்க வேண்டும், வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். அப்பா பின்னிருக்கையில் அமர்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டு வந்தால் விதி நிறைவேறியதாகாது.

மகன் அல்லது மகள் நிரந்தர உரிமம் பெற்ற பின்பும் பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காத இடைவெளி ஒன்று இருக்கிறது; நடைமுறையில் மிகுந்த துயரத்தைத் தருவதும் அதுவே. பாலிசியோடு வரும் பதினைந்து லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்த உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. வண்டி தந்தையின் பெயரில் இருக்க, பத்தொன்பது வயது மகன் துவாக்குடியிலுள்ள கல்லூரிக்கு அதை ஓட்டிச் செல்லும் வழியில் தன் தவறால் கவிழ்ந்து இறந்தால் அந்தப் பதினைந்து லட்சம் கிடைக்காது. வண்டியை இரவல் பெற்றவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் ஆகிறார், அவர் தமக்கே மூன்றாம் நபர் ஆக முடியாது என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், தேர்டு பார்ட்டி வழியும் அடைபட்டுவிடுகிறது. அதேபோலத் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த வண்டியில் உடன் வரும் நண்பர்களும், இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்திருப்பவரும் தாமாகவே காப்பு பெறுவதில்லை. சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுப் பாலிசி இருந்தால்தான் அவர்களுக்கான பொறுப்பை நிறுவனம் ஏற்கிறது. இளையோர் தனியாகப் போவது அரிது என்பதை நினைத்தால், இளையோர் உள்ள வீட்டில் வண்டி எவ்வளவு பழையதானாலும் முழுப் பாலிசியே எடுக்க வேண்டும். அதோடு பிள்ளையின் பெயரில் தனியே ஒரு விபத்துக் காப்பும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'சரல் சுரக்ஷா பீமா' என்ற தரப்படுத்தப்பட்ட விபத்துப் பாலிசி இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. காரின் பக்கக் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் செலவிடத் தயங்காத வீடு இதற்குத் தயங்கக் கூடாது.

காரின் சேதத்தைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியவை சிலவே. வேகக் கார்களின் பம்பரும் விளக்கும் விலை மிக்கவை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசி தேய்மானமாகப் பாதி விலையைக் கழித்துவிடுவதால், ஒர்க்‌ஷாப்புகளில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லப்படும் தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு இன்றியமையாதது. தரைக்கு நெருங்கிய கார் என்பதால், மழைநீர் தேங்கிய சாலையில் எஞ்சினுக்குள் நீர் புகுவதற்கான காப்பும் வேண்டும். நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டும். சிறு கீறல்களுக்கு இழப்பீடு கோராமல் கைப்பணத்தில் சரிசெய்வதே மேல், ஏனெனில் ஐந்தாண்டில் 50 விழுக்காடு வரை வளரும் நோ க்ளைம் போனஸ் ஒரே கோரிக்கையில் பறிபோகும். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் எந்தப் பாலிசியும் பொறுப்பேற்பதில்லை. 2023 தீபாவளியின்போது திருச்சிப் பகுதியில் பைக்கில் வெடிகளைக் கட்டி முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காணொளி பரவி இளைஞர்கள் கைதானது நினைவிருக்கலாம். அத்தகைய காணொளியைப் பிள்ளையே தன் பக்கத்தில் வெளியிட்டிருந்தால் அது நிறுவனத்தின் கையில் சான்றாகவும் மாறக்கூடும். சைலன்சரை மாற்றியதையும் எஞ்சின் திறனைக் கூட்டியதையும் அறிவிக்காமல் விட்டாலும் கோரிக்கை மறுக்கப்பட இடமுண்டு.

எல்லாவற்றிலும் மோசமானது விபத்துக்குப் பிறகு ஓட்டியவரை மாற்றிச் சொல்வது. மகனைக் காக்கும் பதற்றத்தில் தந்தை தாமே ஓட்டியதாகவோ டிரைவர் ஓட்டியதாகவோ கூறும் வழக்கம் இங்கே அரிதன்று. புனே நிகழ்விலும் வீட்டு டிரைவரைப் பழியேற்க வற்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் காயம்பட்டவர் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே, யார் ஓட்டிய எந்த வண்டியால் எங்கே காயம் ஏற்பட்டது என்று கேட்டு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார், 'ஏ.ஆர். காப்பி' எனப்படும் அந்தத் தாளின் முதல் வரிகளைத்தான் காவல்துறையும் தீர்ப்பாயமும் நிறுவனத்தின் வழக்கறிஞரும் முதலில் படிக்கிறார்கள். அதற்கு முரணாகப் பின்னர் எழுதித்தரும் வாக்குமூலம் முறையான கோரிக்கையையும் சேர்த்துக் கெடுப்பதோடு, பொய்ச் சாட்சி என்ற தனிக் குற்றத்தையும் கொண்டுவரக்கூடும். காயம்பட்டவரை முதலில் மருத்துவமனையில் சேர்ப்பது, அங்கே நடந்ததை நடந்தபடி சொல்வது, காவல் நிலையத்தில் அதையே எழுதித் தருவது, நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தகவல் கொடுத்துச் சர்வேயர் பார்க்கும் வரை வண்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது என்ற வரிசையைப் பிள்ளைக்கு உரிமம் கிடைக்கும் நாளிலேயே சொல்லித்தந்து, ஆர்.சி., பாலிசி நகல்களோடு காரிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.