ஆங்கிலம் அறிவோம்: ‘கிவ்’ – ஒரு கொடுத்தல், பல சொற்கள்



இந்த இதழில் ‘கிவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் படிப்போம். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது. பொருள், கொடு. இதன் மூன்று வடிவங்கள் கிவ், கேவ், கிவன். இதே பொருள் தரும் சொற்களும் எதிர்ப்பொருள் தரும் சொற்களும் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அவற்றை வரிசையாக மனப்பாடம் செய்தால் தேர்வில் ஓரிரு மதிப்பெண் கிடைக்கும். வேறுபாடு புரிந்து படித்தால், வங்கியிலும் கல்லூரியிலும் வேலை இடத்திலும் நம் முன் நீட்டப்படும் தாளைப் புரிந்து கையெழுத்துப் போடலாம்.

ஒரே பொருளுடைய சொற்கள் என்றாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது. இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஜகாத் கொடுக்கிறோம், ஸதகா கொடுக்கிறோம், ஹதியா கொடுக்கிறோம், கடன் கொடுக்கிறோம், அமானிதம் கொடுத்து வைக்கிறோம். எல்லாம் கொடுப்பதுதான். ஆனால் ஸதகாவை ஜகாத் கணக்கில் சேர்ப்போமா? கடனை ஹதியா என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்காமல் இருப்போமா? பெயர் மாறினால் கடமையும் மாறுகிறது. தமிழிலும் அப்படித்தான். ஈ, தா, கொடு என்ற மூன்றில் எதை யார் யாரிடம் கேட்கும்போது சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் தனித்தனியாக வகுத்திருக்கிறது. ஆங்கிலச் சொற்களையும் இதே கண்ணோடு பார்ப்போம்.

திரும்பக் கொடுக்க வேண்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

‘டொனேட்’ என்றால் நற்காரியத்துக்கு நன்கொடையாகக் கொடுப்பது. பள்ளிவாசலுக்கு, மருத்துவமனைக்கு, அறக்கட்டளைக்குக் கொடுப்பதை இப்படிச் சொல்லலாம். இரத்ததானத்துக்கும் இதே சொல்தான். தம்பிக்குப் பேனா கொடுத்ததைச் சொல்ல இது பொருந்தாது. அதற்குக் ‘கிவ்’ போதும்.

‘லெண்ட்’ என்றால் திரும்பப் பெறும் எண்ணத்தோடு கொடுப்பது. இதன் எதிர்ச்சொல் ‘பாரோ’, அதாவது திருப்பித் தருவதாக வாங்குவது. தமிழில் இரண்டுக்கும் ‘கடன்’ என்ற சொல் பொதுவாக நிற்பதால் நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள். கொடுக்கும் கை லெண்ட், வாங்கும் கை பாரோ. இப்படி நினைவில் வைத்தால் மாறாது.

‘கிராண்ட்’ என்றால் அதிகாரம் உள்ளவர் கோரிக்கையை ஏற்று வழங்குவது. விடுப்பு, அனுமதி, நிதியுதவி எல்லாம் இப்படி வழங்கப்படுபவை. இதன் எதிர்ச்சொற்கள் ‘ரெஃப்யூஸ்’, ‘ரிஜெக்ட்’. இதே சொல் பெயர்ச்சொல்லாக வந்து நிதியுதவியைக் குறித்தால், பொதுவாக அது திருப்பிச் செலுத்த வேண்டாத தொகை.

இங்கேதான் கவனம் தேவை. தமிழ் அறிவிப்புகளில் ‘உதவித்தொகை வழங்கப்படும்’ என்றும் வரும், ‘கடன் வழங்கப்படும்’ என்றும் வரும். ‘வழங்கப்படும்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. ஆங்கிலப் படிவத்தில் ‘ஸ்காலர்ஷிப்’ அல்லது ‘கிராண்ட்’ என்று இருக்கிறதா, ‘லோன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் திட்டம், பெயரே சொல்வதுபோல், கடன். திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை, தவணை, கூடுதலாகக் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். எழுதப்பட்டது என்னவென்று புரியாமல் கையெழுத்துப் போடுவது அந்தப் போதனைக்கு ஏற்றதாகுமா?

யார், யாருக்கு?

‘சப்மிட்’ என்றால் அலுவலகத்தில் அல்லது ஆசிரியரிடம் விண்ணப்பம், சான்றிதழ் போன்றவற்றைச் சமர்ப்பிப்பது. கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ‘வித்ட்ரா’.

‘ப்ரொவைட்’ என்றால் தேவையானதை ஏற்பாடு செய்து கொடுப்பது. உணவு, தங்குமிடம், வசதி ஆகியவற்றுக்கு வரும். கிடைக்க வேண்டியது கிடைக்காமல் செய்வது இதன் எதிர்ப்பொருள். அதற்கு ‘டிப்ரைவ்’ என்று சொல்வார்கள்.

‘டிஸ்ட்ரிப்யூட்’ என்றால் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. எதிர்ச்சொல் ‘கலெக்ட்’, திரட்டுவது. ஃபித்ரா அரிசியைத் திரட்டுவது கலெக்ட், வீடு வீடாகப் பங்கிடுவது டிஸ்ட்ரிப்யூட்.

சொன்னால் கொடுத்தது ஆகுமா?

‘ஆஃபர்’ என்ற சொல்லையும் கிவ் என்பதற்கு இணையாகப் புத்தகங்களில் காணலாம். ஆனால் ஆஃபர் என்பது தருவதாக முன்வருவது மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள ஹிபா நல்ல எடுத்துக்காட்டு. ஹிபா நிறைவேற மூன்று படிகள் உண்டு. தருகிறேன் என்று அறிவிப்பது முதல் படி. பெறுபவர் அதை ஏற்பது இரண்டாவது. பொருளைக் கைவசம் ஒப்படைப்பது மூன்றாவது. ஆங்கிலத்தில் இவற்றை முறையே ‘ஆஃபர்’, ‘அக்செப்ட்’, ‘ஹேண்ட் ஓவர்’ என்று சொல்லலாம். முதல் படியோடு நின்றால் ஹிபா முழுமை பெறாது.

வளைகுடா வேலைக்கு வரும் ‘ஆஃபர் லெட்ட’ரையும் இப்படியே பாருங்கள். அதில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றைப் படித்துப் பார்க்காமல், விசாவும் ஒப்பந்தமும் உறுதியாகாமல், கையில் இருக்கும் வேலையை விடுவதும் நகையை அடகு வைப்பதும் அவசரம்.

எதிர்ச்சொல் எது?

கிவ் என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் பிள்ளைகள் உடனே ‘டேக்’ என்பார்கள். சரிதான். டேக் என்றால் எடுத்துக்கொள்வது. பிறர் தருவதைப் பெறுவது ‘ரிசீவ்’. இவை இரண்டும் கையின் திசையை மட்டும் மாற்றுகின்றன.

இன்னோர் எதிர்ப்பொருளும் உண்டு. அது கொடுக்காமல் நிறுத்தி வைப்பது. குர்ஆனின் 92ஆவது அத்தியாயமான அல்லைலில், கொடுப்பவருக்கு எதிராக நிற்பவர் வாங்குபவர் அல்லர், கஞ்சத்தனம் செய்பவர். ஃபர்ளான தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் ஓதிவந்த திக்ரு ஒன்றிலும் அல்லாஹ் கொடுப்பதும் தடுப்பதுமே இணையாக வருகின்றன. இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘வித்ஹோல்ட்’.

இதன் இறந்தகால வடிவம் ‘வித்ஹெல்ட்’. தேர்வு முடிவில் சில மாணவர்களின் பெயருக்கு நேரே இந்தச் சொல் இருக்கும். இதைப் பார்த்ததும் பிள்ளை தோற்றுவிட்டது என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடக் கூடாது. முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே இதன் பொருள். கட்டண பாக்கியோ, சமர்ப்பிக்காத சான்றிதழோ, ஏதேனும் விசாரணையோ காரணமாக இருக்கலாம். மறுநாளே கல்லூரி அலுவலகத்துக்குச் சென்று காரணத்தைக் கேளுங்கள்.

‘வாங்கு’ என்ற சொல்லில் கவனம்

தமிழில் கடையில் அரிசி வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், பரிசு வாங்குகிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘பை’, இரண்டாவது ‘பாரோ’, மூன்றாவது ‘ரிசீவ்’. காசு கொடுத்தால் பை, திருப்பித் தருவதென்றால் பாரோ, பிறர் தந்து பெற்றால் ரிசீவ்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றுக்கு ஏற்ற ஆங்கில வினைச்சொல் எது?

1. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தேன், பதினான்கு நாளில் திருப்பித் தருவேன்.
2. மேலாளர் மூன்று நாள் விடுப்பு வழங்கினார்.
3. வருமானச் சான்றிதழை அலுவலகத்தில் கொடுத்தோம்.
4. முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைத் தராமல் நிறுத்தி வைத்தார்.
5. குர்பானி இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கிட்டோம்.

விடைகள்: 1. பாரோ 2. கிராண்ட் 3. சப்மிட் 4. வித்ஹோல்ட் 5. டிஸ்ட்ரிப்யூட்.

பாடத்தில் வந்த சொற்களின் எழுத்துக்கூட்டலைப் பிள்ளைகளே அகராதியில் தேடி நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு படிவமோ கடிதமோ வந்தால் அதைப் பிள்ளையிடம் கொடுத்து, கொடுப்பது யார், பெறுவது யார், திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக, ஆமீன்.