முதல் டூயத்லான்: பயிற்சி முகாமிலிருந்து ஃபினிஷ் கோடு வரை, கொங்கு மண்ணின் புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒருமுறை சுற்றி வந்தால் சுமார் 2.5 கிலோமீட்டர். இரண்டு சுற்று என்றால் 5. டூயத்லானின் ஸ்பிரின்ட் பிரிவுக்கு இந்த இரண்டு அளவுமே வேண்டும்: முதலில் 5 கி.மீ. ஓட்டம், அடுத்து 20 கி.மீ. சைக்கிள், கடைசியாக மறுபடியும் 2.5 கி.மீ. ஓட்டம். மூன்றும் இடைவெளியில்லாமல், ஒரே கடிகாரத்தில் நடக்கும். ட்ரையத்லானில் இருக்கும் நீச்சல் இதில் இல்லை. 2013இல் தொடங்கிய கோவை மாரத்தானால் ஓட்டத்துக்குப் பழகியவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் நீந்தத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல அடுத்த படி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஓடத் தெரிவதும் சைக்கிள் மிதிக்கத் தெரிவதும் மட்டும் போதாது. முதல் ஓட்டத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் கடைசி ஓட்டத்தின் விதி இருக்கிறது. தனியாகப் பழகினால் இது பிடிபட நாளாகும். நல்ல முகாமில் இரண்டு மூன்று நாளில் உடம்பே புரிந்துகொள்ளும்.

எந்தத் தூரம்?

உலக ட்ரையத்லான் அமைப்பின் அளவுப்படி ஸ்பிரின்ட் 5–20–2.5, ஸ்டாண்டர்ட் 10–40–5. சாலைக்கும் அனுமதிக்கும் ஏற்ப உள்ளூர் அமைப்பாளர்கள் இவற்றைக் கொஞ்சம் மாற்றுவதுண்டு. சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கனில் 1989இல் தொடங்கிய பவர்மேன் பந்தயம் 10 கி.மீ. ஓட்டம், 150 கி.மீ. சைக்கிள், 30 கி.மீ. ஓட்டம் என்ற அளவுக்குப் பெயர் பெற்றது. உங்கள் முதல் போட்டி ஸ்பிரின்டாகவே இருக்கட்டும்.

5 கி.மீ. நிற்காமல் ஓட முடிகிறது, ஒரு மணி நேரம் இறங்காமல் மிதிக்க முடிகிறது என்றால் எட்டு வாரத்தில் தயாராகலாம். இல்லையென்றால் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சைக்கிள்: இருப்பதே போதும்

லட்ச ரூபாய் கார்பன் சைக்கிள் வேண்டியதில்லை. ஹைபிரிட் போதும், எம்டிபியும் போதும். எம்டிபி என்றால் முள்ளு டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான டயர் போடுங்கள். அந்த ஒரு செலவிலேயே வேகம் தெரியும். சீட் உயரம் சரிதானா என்று பார்க்க, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்குங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முட்டி மடங்கியே இருந்தால் சீட்டை ஏற்றுங்கள். முட்டி வலி என்று வருகிற புதியவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ஹெல்மெட் மட்டும் நல்லதாக, தலைக்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.

டியூப் மாற்றக் கற்றுக்கொள்ளாமல் ஊர் எல்லையைத் தாண்டாதீர்கள். ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வ் இருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயும் வழியோரப் பஞ்சர் கடைப் பம்பும் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு.

முகாமுக்கு முந்தைய வாரங்கள்

வாரத்துக்கு இரண்டு ஓட்டம், இரண்டு சைக்கிள், ஒரு முழு ஓய்வு நாள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே பெரும்பகுதி பயிற்சி இருக்கட்டும். மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். கெண்டைக்கால், தொடை, இடுப்புக்கு வாரம் இரண்டு தடவை பத்து நிமிடப் பயிற்சி செய்தால் போதும்.

முகாமுக்கு முந்தைய மூன்று நாள் உடம்பை விட்டுப் பிடியுங்கள். களைத்துப்போய் வந்து இறங்குபவர்களுக்கு முகாமில் எதுவும் ஏறாது.

காற்று, வெயில், யானை

கொங்கு நாட்டில் சைக்கிள் மிதிக்கிறவர் முதலில் அறிய வேண்டியது பாலக்காட்டுக் கணவாயை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாக, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வீசித் தள்ளும். அங்கெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்த மாதங்களில் மேற்கே கிளம்புங்கள்: போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று. மாற்றிச் செய்தால் களைத்த கால்களோடு எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டிவரும். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். கியரை இறக்கிவிட்டு நிமிடத்துக்கு 80–90 சுற்றுப் பெடலைத் தக்கவைத்தால் போதும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை முகாமுக்குச் சிறந்த காலம். மார்ச் பிறந்துவிட்டால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் தார்ச்சாலையின் வெள்ளைக் கோடுகள் வழுக்கும்.

பாதைக்குச் சிறுவாணி சாலையே நல்ல தொடக்கம். பேரூர் தாண்டி ஆலாந்துறை வரை மெல்லிய ஏற்றம், திரும்புகையில் இறக்கம். பொள்ளாச்சி நான்குவழிச் சாலையைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. மலையடிவாரத்து ஊர்களிலும் ஆனைகட்டிச் சாலையிலும் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே அந்தப் பக்கம் போக வேண்டும். நாலரை மணி இருட்டில் மலையடிவாரத்தில் மிதிப்பதில் வீரம் ஒன்றுமில்லை.

அறுவடைக் காலத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கொள்ளும் சோளமும் சாலையில் பரத்திக் காயப் போட்டிருப்பார்கள், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. மெல்லிய டயர் அதன்மேல் ஏறினால் சறுக்கிவிடும். பிரேக்கைப் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒரு குடும்பத்தின் விளைச்சல்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது

பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர்? பின்னால் வண்டி வருமா? முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எது? வேகத்தைப் பொறுத்துக் குழு பிரிப்பார்களா? பெண்கள் உடை மாற்ற இடம், கழிவறை, கூட வரும் பெண் பயிற்சியாளர் உண்டா? "எல்லாரும் ஒரே குழுவா போவோங்க, ஜாலியா இருக்கும்" என்று பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள். அனுபவசாலியின் வேகத்துக்குப் புதியவர் ஓடினால் கற்றுக்கொள்ள நேரமிருக்காது, காயம்தான் மிஞ்சும்.

ஆனைமலை, ஆழியார் சுற்றுவட்டாரம் முகாமுக்கு ஏற்ற நிலம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதளச் சாலை, பக்கத்திலேயே மலை ஏற்றம்.

முதல் நாள்: கூட்டமாக ஓட்டப் பழகுதல்

தனியாக மிதித்தவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உங்கள் முன்சக்கரம் உரசினால் விழப்போவது நீங்கள். தொடக்கத்தில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். அவர் சக்கரத்தைப் பார்க்காமல் தோளைத் தாண்டிச் சாலையைப் பாருங்கள். சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், சட்டென்று விலகாதீர்கள். முன்னால் இருப்பவர் கையைக் காட்டி "குழிங்ணா!" என்றால், அதே சொல் கடைசி ஆள் வரை போய்ச் சேர வேண்டும். பின்னாலிருந்து "லாரிங்க்கா, லாரி!" என்று கேட்டால் இரட்டை வரிசை உடனே ஒற்றையாக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் ஏற்றிய லாரிகளில் சரக்கு பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும், இடம் விட்டே ஆக வேண்டும்.

பிரிக் பயிற்சி: முகாமின் உயிர்

சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடுவதைப் பிரிக் என்கிறார்கள். முதன்முறை செய்கிறவர்களுக்குக் கால் தன்னுடையதாகவே தெரியாது. சைக்கிளில் இடுப்பு மடங்கியே இருக்கிறது, முன்தொடை பெரும் வேலை செய்கிறது. ஓட்டத்துக்கோ இடுப்பு விரிய வேண்டும், கெண்டைக்கால் உடல் எடையைத் தாங்க வேண்டும். அந்த மாற்றத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும். சைக்கிளின் கடைசிக் கிலோமீட்டரில் கியரை லேசாக்கி வேகமாகச் சுற்றுங்கள். ஓரிரு முறை எழுந்து நின்று கெண்டைக்காலை நீட்டுங்கள். இறங்கியதும் முதல் 500 மீட்டர் சின்னச் சின்ன அடியாக ஓடுங்கள்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்த கண்ணுக்கு ஓட்டம் ஆமைவேகமாகத் தெரியும். அதனால் தெரியாமலே வேகமாகக் கிளம்பி, அடுத்த கிலோமீட்டரில் நின்றுவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

முகாமில் கட்டாயம் கேட்டுச் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. பாதித் தூரத்தில் (2.5–10–1.25) ஒரு சிறு டூயத்லான். ஒருநாள் முதல் ஓட்டத்தை மனம்போல வேகமாக ஓடுங்கள். இன்னொரு நாள், கால் தேறிய பிறகு, அதே பாதையில் கிலோமீட்டருக்கு 15–20 விநாடி மெதுவாக ஓடுங்கள். தனி 5 கி.மீ.யை 30 நிமிடத்தில் முடிப்பவர் கிலோமீட்டருக்கு 6:00க்குப் பதில் 6:15 அல்லது 6:20. இரண்டு நாளின் மொத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் விட்டுக்கொடுத்த நொடிகள் சைக்கிளிலும் கடைசி ஓட்டத்திலும் எப்படித் திரும்பி வருகின்றன என்பதை அந்தத் தாள் காட்டும். எந்தப் பயிற்சியாளரின் பேச்சும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிடாது.

டிரான்சிஷன்

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறுவது டி-ஒன், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி-டூ. விதி ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் தலையில் ஏறி, பட்டை பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே பட்டையைக் கழற்றலாம். ஏறும் கோட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நடுவில் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

முதல் போட்டிக்கு ஓடும் ஷூவிலேயே சைக்கிளும் மிதியுங்கள். பெடலில் பூட்டிக்கொள்ளும் க்ளீட் ஷூவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முகாமில் மாலை நேரம் கயிறு கட்டி, சைக்கிள்களை வரிசையாக மாட்டி, இதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். கை நடுங்காமல் பட்டை பூட்டும்வரை விடாதீர்கள்.

மலை ஏற்றம்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். புதியவர்களுக்கு ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ வரை போதும். அங்கிருந்து பார்த்தால் ஆழியார் நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். இது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துச் சாலை. சோதனைச்சாவடியின் நேர விதிகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வழியில் நம் மாநில விலங்கான வரையாடு நிற்கலாம். எதுவும் ஊட்டாதீர்கள், ஜெல் உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போய்ப் பிடிக்காதீர்கள். பேருந்து திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கு வேண்டும். ஹார்ன் கேட்டால் இடது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். பயமாக இருந்தால் முகாம் வண்டியில் ஏறிக் கீழே வரலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

சாப்பாடு

முந்தின இரவு அரிசிம்பருப்பு சாதத்தைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மாவுச்சத்து இருக்கிறது, வயிற்றுக்கு இதம், நம் உடம்புக்குப் பழகியது. காரத்தையும் நெய்யையும் மட்டும் குறையுங்கள். காலையில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம். காபி வழக்கமென்றால் குடிக்கலாம். புதிதாக எதையும் போட்டி நாளில் முயலக் கூடாது.

இளநீர் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு; வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், அல்லது ஓஆர்எஸ் குடியுங்கள். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து.

போட்டி நாள்

ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சைக்கிளை லேசான கியரில் வைத்து மாட்டுங்கள். எந்த வழியாக உள்ளே வருவீர்கள், எந்த வழியாக வெளியேறுவீர்கள், உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசை என்று நடந்தே பார்த்துவிடுங்கள். சைக்கிள் எத்தனை சுற்று என்பதை நீங்கள்தான் எண்ண வேண்டும். களைப்பில் எண்ணிக்கை தவறி ஒரு சுற்று முன்பே உள்ளே வருபவர்கள் உண்டு.

டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி மிதிப்பது, அனுமதியா என்று விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள். பொதுப் பிரிவுகளில் பெரும்பாலும் தடை. முகாமில் கூட்டமாக மிதித்த பழக்கத்தை இங்கே மறக்க வேண்டும்: இடைவெளி விடுங்கள், முந்துவதென்றால் வலதுபக்கம் விரைந்து முந்துங்கள். காதில் இயர்போன் கூடாது. வெளியாள் உதவியும் கூடாது, அண்ணன் தம்பியே ஆனாலும்.

துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் பறப்பார்கள். நீங்கள் முகாமில் எழுதி வைத்த வேகத்திலேயே ஓடுங்கள். முதல் கிலோமீட்டரில் பலர் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். சைக்கிளில் முதல் ஐந்து நிமிடம் மூச்சைச் சமன்செய்யவே செலவிடுங்கள். தலைசுற்றல், வெயிலிலும் குளிர்ந்து சிலிர்ப்பது, நெஞ்சில் அழுத்தம், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் உடனே நின்று தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். பிப் நம்பரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அதைச் சரிபார்த்துத்தான் சைக்கிளை வெளியே விடுவார்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டம் வேண்டாம்.

முடிவுப் பட்டியல் வந்ததும் மொத்த நேரத்தையும் இடத்தையும் விட்டுவிட்டு, இரண்டு ஓட்டங்களின் கிலோமீட்டர் வேகத்தை மட்டும் பாருங்கள். கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் கிலோமீட்டருக்கு 20 விநாடிக்குள் மட்டுமே தாழ்ந்திருந்தால் அடுத்து 10–40–5க்குப் பெயர் கொடுக்கலாம். ஒரு நிமிடம் தாண்டியிருந்தால் இன்னொரு ஸ்பிரின்ட் போடுங்கள், முதல் ஓட்டத்தை இன்னும் பத்து விநாடி மெதுவாக.