எண் பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

மெக்கானிக்கல் முடித்து, பவுண்டரியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது டேட்டா சயின்ஸ் கன்சல்டன்டாகத் தனியாகத் தொழில் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களோடு போட்டி போட முடியுமா, இத்தனை வருடப் படிப்பும் அனுபவமும் வீணாகிவிடுமா என்ற கவலைதான் கடிதம் முழுக்க. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலின் வேரே தொழிற்சாலையில்தான் இருக்கிறது. வால்டர் ஷூவார்ட், தொலைபேசிக் கருவிகள் தயாரித்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆய்வுப் பொறியியல் பிரிவில் இருந்தவர். 1924 மே மாதத்தில் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு எளிய வரைபடம் எடுத்துக்கொண்டது. நீ தினமும் புள்ளி வைத்து வந்த கண்ட்ரோல் சார்ட் பிறந்தது அந்தத் தாளில்தான். அவர் வழியில் வந்த எட்வர்ட்ஸ் டெமிங் கல்லூரியில் முதலில் படித்தது மின்பொறியியல். 1950-ல் ஜப்பானுக்குப் போனபோது பொறியாளர்களுக்குப் பாடம் நடத்தியதோடு நிற்காமல், அந்த ஆண்டு ஜூலையிலேயே பெரிய நிறுவனங்களின் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார். முதலாளிக்குப் புரியாத புள்ளியியல் பட்டறையில் நிலைக்காது என்பதை அறிந்தவர். இவர்கள் வந்த பாதையில்தான் நீயும் வருகிறாய்.

பைத்தானும் எஸ்கியூஎல்லும் கற்றுக்கொள்; ரிக்ரஷனையும் சோதனை வடிவமைப்பையும் ஆழமாகவே படி. இதற்கெல்லாம் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, நான் நீட்டி எழுதத் தேவையில்லை. நிரலில் பெரும்பகுதியை இப்போது ஏஐ கருவிகளே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த எண்ணை நம்புவது என்பதுதான் மிச்சம் இருக்கும் வேலை. அதில் உன் கை ஓங்கியிருக்கிறது.

எப்படி என்று உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு பவுண்டரி முதலாளி உன்னைக் கூப்பிட்டு, "ரிஜெக்‌ஷன் ஏறிக்கிட்டே போகுதும்மா, என்ன காரணம்னு டேட்டாவுல கண்டுபிடிச்சுக் குடு" என்று சொல்வதாக வைத்துக்கொள். இரண்டு எக்செல் கோப்புகள் தருவார்கள். ஒன்றில் தினசரி ரிஜெக்‌ஷன் கணக்கு. இன்னொன்றில் மணலின் ஈரப்பதம், கம்பாக்டபிலிட்டி, ஊற்றும் வெப்பநிலை. பட்டறையைப் பார்க்காதவர் இரண்டையும் தேதியை வைத்து இணைப்பார். வரைபடம் அழகாக வரும், மாடலும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லும், ஆனால் அத்தனையும் தப்பு. தோலுக்கு அடியில் இருக்கும் ப்ளோ ஹோல் என்ற வாயுக் குழி, வாடிக்கையாளரின் மெஷின் ஷாப்பில் லேத்தில் ஏற்றிச் சீவும்போதுதான் வெளியே வரும். அதற்குள் மூன்று வாரம்கூட ஓடியிருக்கலாம். தேதியை நம்பினால், இன்றைய மணலின் ஈரத்தை மூன்று வாரத்துக்கு முன் ஊற்றிய காஸ்டிங்கின் தலையில் கட்டிவிடுவாய். காஸ்டிங்கின் மேல், எந்த உருக்கில் ஊற்றியது என்று காட்டும் ஹீட் நம்பர் இருக்கிறது, அதை வைத்துத்தான் பின்னோக்கிப் போக வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, எக்செல் வருவதற்கு முன்னால் இருந்த தாளைக் கேட்டு வாங்கிப் பார். மணல் லேபின் லாக் ஷீட்டில் மணிக்கு ஒரு அளவு வீதம் எட்டு வரி இருக்கும். 3.4, 3.5, 3.4, 3.5. எட்டு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, எங்கும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஷிப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும். கணினியில் ஏறிய பிறகு அது தெரியாது. 'விடுபட்ட மதிப்பே இல்லாத சுத்தமான தரவு' என்று பேர் வாங்கிவிடும்.

இங்கே உன்னை ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாளை எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடாதே. லேபில் ஒரே ஆள். மணல் எடுத்துவர மிக்ஸர் வரைக்கும் அவர்தான் நடக்க வேண்டும். சோதனைத் துண்டுகளையும் அவர்தான் உடைக்க வேண்டும். அவரோடு டீ குடித்துவிட்டு, நிஜமாக எத்தனை முறை அளக்க முடிகிறது என்று கேள். இரண்டு முறைதான் என்றால், அறிக்கையில் 'மணிக்கு ஒரு முறை என்பதை ஷிப்டுக்கு இரண்டு முறையாக்கி, நேரத்தைக் குறித்து அளக்கலாம். முடிந்தால் மிக்ஸரில் ஈரப்பத சென்சார் பொருத்தலாம்' என்று எழுது. ஆளின் பேர் வரக் கூடாது. முதலாளியின் ஒற்றன் என்ற பேர் பட்டறையில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு உனக்கு ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். இந்தத் தொழிலில் பாதித் தரவு மனிதர்களின் வாயில்தான் இருக்கிறது.

மாடல் போடும்போது உன் பட்டறை அறிவைக் கழற்றி வைத்துவிடாதே. நூற்றில் நான்கு காஸ்டிங் கெட்டுப்போகிறது என்றால், 'எல்லாம் நல்லது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் 96 சதவீதத் துல்லியம் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கெட்டதைத் தப்பவிட்டால் எத்தனை ரூபாய் நஷ்டம், நல்லதை ஒதுக்கினால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டு. மாடலைச் சோதிக்கத் தரவைக் கண்டபடி கலைத்துப் பிரிக்காதே. ஒரே ஹீட்டில் ஊற்றிய காஸ்டிங்குகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதின மாதிரி ஆகிவிடும். ஹீட் வாரியாகப் பிரி. பழைய மாதங்களில் பயிற்சி, புதிய மாதங்களில் சோதனை. 'மறுவேலை நேரம்' மாதிரி ஒரு பத்தி உள்ளே வந்தால் எடுத்துவிடு. காஸ்டிங் கெட்டது தெரிந்த பிறகுதானே மறுவேலை நடக்கிறது?

பணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசக் கற்றுக்கொள். "இலவசமா ஒண்ணு செஞ்சு காட்டுங்க, பிடிச்சா பாக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. முதல் கட்டமாக இரண்டு மூன்று வாரம் தரவைப் பரிசோதிக்கச் சிறு கட்டணம் வாங்கு. 'உங்கள் கேள்விக்கு இந்தத் தரவில் பதில் இல்லை, இன்னின்னதை அளக்கத் தொடங்குங்கள்' என்பதும் அந்தக் கட்டத்தின் முழுமையான முடிவாக இருக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடு. உத்யம் பதிவு இலவசம், முதல் வேலைக்கு முன்பே செய்துகொள். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி உனக்கு வர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தாமதமானால் வட்டி கேட்கும் உரிமையும் உனக்கு உண்டு. வாடிக்கையாளரின் தரவை உன் சொந்தக் கணக்கிலோ பொதுவான ஏஐ கருவியிலோ ஏற்றாதே. அதில் அவர்களுடைய வாடிக்கையாளரின் டிராயிங்கும் இருக்கும்.

முதல் வேலைக்கு உனக்குத் தெரிந்த தொழிலையே எடு. வங்கி, மருத்துவமனை என்று அழைப்பு வந்தாலும் இரண்டு வருடம் வார்ப்படத்தை விட்டு நகராதே. அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதப் பழகு: என்ன நடக்கிறது, எவ்வளவு பணம் போகிறது, திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் எதை மாற்ற வேண்டும். மீதியெல்லாம் பின்னிணைப்பு. முதல் அறிக்கையின் வரைவை, நிறுவனத்தின் பேரையும் அவர்களுடைய எண்களையும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பு. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்