எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்

நூலகத்தில் ஒரு நூலை இரவல் பெற நமக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அதற்குள் ஒரு பதிவு உருவாகிவிடுகிறது. எந்த நூல், எந்த நாள், எந்த உறுப்பினர் என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

இத்தகைய பதிவுகள் நூலகருக்குத் தேவை. எந்த நூலுக்குப் பலர் காத்திருக்கின்றனர், எந்த நூல் பல ஆண்டுகளாக அலமாரியை விட்டு நகரவே இல்லை என்பதை அவை காட்டும். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவ்விதிகளை விளக்கும் அவருடைய நூல் 1931இல் வெளிவந்தது. எவை பயன்படுகின்றன என்று அறியாமல் அந்த விதியைப் பின்பற்றுவது கடினம்.

ஆனால், ஒரு நூல் எத்தனை முறை வெளியே சென்றது என்று அறிய, அதை எடுத்துச் சென்றவர் யார் என்று அறிய வேண்டியதில்லை. மனச்சோர்வைப் பற்றிய நூலை ஒரு மாணவி எடுக்க நினைக்கிறாள் எனக் கொள்வோம். பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சினால் அவள் அந்த நூலைத் தொடவே மாட்டாள். அவள் எடுக்காமல் போனது எந்தக் கணக்கிலும் வராது.

அப்படியானால் பெயரை மட்டும் நீக்கினால் போதுமா? 2006இல் ஏஓஎல் என்னும் அமெரிக்க நிறுவனம், ஏறத்தாழ 650,000 பேரின் இணையத் தேடல்களை ஆய்வுக்காக வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருந்தன. எனினும், ஓர் எண்ணுக்குரியவர் தேடிய ஊர்ப்பெயரையும் குடும்பப் பெயரையும் கொண்டே செய்தியாளர்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டனர்.

பள்ளி நூலகத்திலும் இது நடக்கலாம். “மனநல நூல்கள், உயர்நிலை மூன்று: ஒருவர்” என்று மாத அறிக்கையில் இருந்தால், அந்த ஒருவர் யார் என்று வகுப்பு நண்பர்கள் எளிதில் ஊகித்துவிடுவர். வகுப்புவாரியாகப் பிரிக்காமல், பள்ளி முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கையாகத் தருவது நல்லது.

நூல் திரும்பி வந்ததும், அந்நூலுக்கும் உறுப்பினருக்கும் உள்ள தொடர்பை அழித்துவிடும் நூலகங்களும் உண்டு. இரவல் எண்ணிக்கை மட்டும் எஞ்சும். இதனால், முன்பு படித்ததை வைத்து அடுத்த நூலைப் பரிந்துரைக்க நூலகத்தால் இயலாது. அது சிறிய இழப்புதான். ஆயினும், அந்த வசதியை விரும்பும் வாசகர் தம் இரவல் பட்டியலைத் தாமே கேட்டுச் சேமித்துக்கொள்ளச் சில நூலகங்கள் வழி செய்துள்ளன.