மஞ்சள் பேட் எந்த வேலைக்கு?

புதிதாக கார் பாலிஷ் மெஷின் வாங்கியவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கலர் பேட் வாங்கணும்?" அதற்கு நேராகப் பதில் சொல்லவே முடியாது. ரூப்பெஸ் கம்பெனியின் ஸ்பாஞ்ச் பேடில் மஞ்சள் என்றால் மென்மையான ரகம். மெகுயார்ஸில் அதே மஞ்சள் நடுத்தர ரகம். லேக் கன்ட்ரியிலோ மஞ்சள்தான் நன்றாக வெட்டித் தேய்க்கிற முரட்டு ரகம். நீலமும் இப்படித்தான். ரூப்பெஸில் நீலம் முரடு. 3எம்மில் நீலம் கடைசி மினுமினுப்புக்கு. நண்பர் ஒருவர் "மஞ்சள் வாங்கு, நல்லா இருக்கும்" என்று சொன்னதை நம்பி வேறு கம்பெனியின் மஞ்சளை வாங்கினால், காரின் கதையே மாறிவிடும்.

அதனால் கலரை மறந்துவிடுங்கள். மெஷின், கீறல், பேடின் பொருள், எண்ணிக்கை என்று வரிசையாகப் பார்த்தால் எந்த பேட் வேண்டும் என்பது தானாகவே தெளிந்துவிடும். அதற்கு முன், நாம் எதைத் தேய்க்கப் போகிறோம் என்று ஒரு பார்வை.

இன்றைய கார்களில் பெரும்பாலும் கலருக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். அதன் கனம் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதைவிட மெல்லிசு. வெயிலின் புற ஊதாக் கதிர் கலரை வெளுக்க விடாமல் காப்பதும் அதுதான். பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சமமாகத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. பேட் தேர்வு முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

படி 1: மெஷினைப் பாருங்கள்

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழலும். டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் "பஃப்" போடுவது பெரும்பாலும் இதில்தான். வேலை வேகமாக முடியும். கை பழகாதவர் ஒரே இடத்தில் சில நொடி நிறுத்தினால் சூடேறி, விளிம்புகளில் பெயின்ட் போய்விடும். டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ., மெஷின் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். பெரும்பாலான டி.ஏ. மெஷின்களில் அழுத்தம் அதிகமானால் சுழற்சி தானே நின்றுவிடும். புதியவருக்கு இதுதான் பாதுகாப்பு. டிரில் மெஷினில் மாட்டுகிற பேட் செட்டைத் தவிர்த்துவிடுங்கள். டிரில்லும் ரோட்டரி போலத்தான் சுழலும். பேடைத் தட்டையாகப் பிடிப்பதும் கஷ்டம்.

அடுத்து பேக்கிங் பிளேட், அதாவது பேட் வெல்க்ரோவில் ஒட்டிக்கொள்ளும் தட்டு. அதன் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிளேட் 5 அங்குலம் என்றால் பேட் 5.5 அங்குலம் வாங்க வேண்டும். பேட் சுற்றிலும் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால்தான் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்காது. அதற்காக ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம்; ஓரங்களில் அழுத்தம் சேராது, மெஷினும் திணறும்.

கனத்தையும் பாருங்கள். தடித்த ஸ்பாஞ்ச் கைக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் டி.ஏ. மெஷினின் ஆட்டத்தை அந்த ஸ்பாஞ்சே விழுங்கிவிடும். கீழே பெயின்ட்டுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. மெஷினின் ஆட்டம் 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று பெரிதாக இருந்தால், மெல்லிய பேட் இன்னும் அவசியம்.

படி 2: கீறலைப் படியுங்கள்

நம் ஊர் காரில் கீறல் வருகிற வழி தெரிந்ததுதான். காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரே துணி, முந்தின நாள் புழுதி. அந்தத் துணிதான் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கீறல்களைப் போடுகிறது. அதற்கு மேல் போர் தண்ணீரின் உப்புக் கறை.

காரை நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, போனின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வலை போலத் தெரிந்தால் அது மேலோட்டமான கீறல்; நடுத்தர பேடே போதும். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அந்தக் கீறல் ஆழமானது. எந்த பேடும் அதை முழுதாக எடுக்காது. எடுக்க முயன்றால் கிளியர் கோட்தான் தீரும். அதை விட்டுவிடப் பழகுங்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது. கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டுக் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் கலர் ஏறினால் கிளியர் கோட் இல்லை. நேராகக் கலரையே தேய்க்கிறீர்கள். அங்கே மென்மையான பேடைத் தாண்டாதீர்கள். ஏற்கெனவே அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த டோர், பம்பர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கனமும் கடினமும் மற்ற பாகங்களைப் போல இருக்காது.

படி 3: எந்தப் பொருளில் பேட்?

மூன்று வகை உண்டு.

கம்பளி: ரொம்ப வேகமாக வெட்டும். ஆழமான தேய்மானத்துக்கும் அனுபவக் கைக்கும் உரியது. வேலை முடிந்ததும் வெயிலில் பார்த்தால் நிழல் நிழலாகக் கோடு தெரியும். அதை நீக்க இன்னொரு சுற்று வேண்டும். முதல் காருக்கு வேண்டாம்.

மைக்ரோஃபைபர்: டி.ஏ. மெஷினில் நன்றாக வெட்டும். ஆனால் மென்மையான பெயின்ட்டில் மங்கலான மூட்டம் விடும். நார்களுக்குள் கசடு சீக்கிரம் அடையும். ஸ்பாஞ்ச் தோற்ற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பாஞ்ச்: புதியவருக்கு உகந்தது. முரடு, நடுத்தரம், மென்மை என்று எல்லா அளவிலும் கிடைக்கும், தவறையும் பொறுக்கும். பாக்கெட்டில் கலருக்குப் பதில் எழுத்தைப் படியுங்கள். கட்டிங் என்றால் முரடு. பாலிஷிங் என்றால் நடுத்தரம். ஃபினிஷிங் என்றால் மென்மை. எழுத்து இல்லாவிட்டால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்து நிற்பது வெட்டும். தலையணை போல அமுங்குவது மினுக்கும். எழுத்தும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

படி 4: எத்தனை வாங்குவது?

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. கலருக்கு ஒன்று என்று அஞ்சாறு பேட் அடுக்கிய செட் பார்க்க அழகாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகத் தெரியும். வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினால் பானட் முடிவதற்குள் நடுத்தர பேட் கசடும் ஈரமும் சூடுமாகத் தொய்ந்துவிடும். மிச்சம் இருப்பது முரடும் மென்மையும்தான். அப்போது கை தானாக முரட்டு பேடை எடுக்கும். தேவையில்லாத இடத்தில் கிளியர் கோட் போவது இப்படித்தான்.

ஒரு பேடை ஒன்று அல்லது இரண்டு பாகங்களுக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரு சின்ன காருக்கே பானட், ரூஃப், டிக்கி, நாலு டோர், ஃபெண்டர்கள், பம்பர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் நடுத்தர ஸ்பாஞ்ச் நாலு, மென்மையான ஸ்பாஞ்ச் இரண்டு, முரடு ஒன்று. முரடு பெட்டியிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை. பில்லர், பம்பர் வளைவுகளுக்கு 3 அங்குல பேட் உதவும். அதற்குத் தனி பிளேட் வேண்டும். எல்லா மெஷினும் சின்ன பிளேட்டை அதிராமல் தாங்காது என்பதால் மெஷினின் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள்.

படி 5: முதலில் ஒரு கட்டம் மட்டும்

காலை வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், பானட்டைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பொடியாகும். பிளாஸ்டிக் விளிம்பு, ரப்பர், பேட்ஜ் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு கட்டத்தையும் டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுழல்கிறது. நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

மென்மையான பேடில் ஆரம்பியுங்கள். முதல் தடவை பேட் முகம் முழுக்க பாலிஷை மெல்லிசாகத் தடவி, பிறகு பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை நிறுத்திய நிலையில் கட்டத்துக்குள் ஒற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, பின் வேக டயலை 4 அல்லது 5-க்குக் கூட்டுங்கள். கை நிதானமாக, நொடிக்கு ஒன்றிரண்டு அங்குலம் நகர வேண்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை. பாலிஷைத் துடைத்தபின், தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும். அது போனால்தான் உண்மை தெரியும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் கார் முழுவதற்கும் அதே ரக பேட்தான். போகாவிட்டால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் நடுத்தரத்துக்கு ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. நடுத்தரமும் தோற்றால்தான் முரடு. முரடு தொட்ட இடத்தில் கடைசியில் மென்மையான பேடால் ஒரு சுற்று கட்டாயம்.

படி 6: பேடைக் காப்பாற்றுங்கள்

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தேய்த்துக் கசடை உதிருங்கள். பின்பக்கம் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் மாற்றுங்கள். சூட்டில் வெல்க்ரோவின் பசை விட்டு பேட் இரண்டாகப் பிரிந்துவிடும். தரையில் விழுந்த பேடைக் கழுவாமல் மறுபடி வைக்காதீர்கள். ஒட்டிய ஒரு மணல் துகள் பானட் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு, முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். நிழலில் நிறுத்தி வைத்து முழுதாக உலர்த்தி, ரகத்துக்கு ஒன்றாக ஜிப் கவரில் போடுங்கள். கவர் மேல் கம்பெனிப் பெயரையும், முரடா மென்மையா என்பதையும் எழுதி வைத்தால் அடுத்த முறை குழப்பமில்லை. ஓரம் கிழிந்தாலும், ஸ்பாஞ்ச் நொறுங்கினாலும், வெல்க்ரோ பிடிக்காவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். பேட் தேய்ந்தால் கடையில் இன்னொன்று கிடைக்கும். கிளியர் கோட் தேய்ந்தால் பெயின்டரிடம்தான் போக வேண்டும்.