கண் படிக்கிறதா, காது படிக்கிறதா?

நம்பிக்கை: பேச்சு தெரிந்தால் போதும், படிப்பு தானாக வந்துவிடும்.

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப் வழியாக ஜீப்பில் மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மலையாளத்தில் கூலி பேசுவார்கள், கேலி பேசுவார்கள், தேவைப்பட்டால் சண்டையும் போடுவார்கள். ஆனால் குமுளியில் இறங்கிக் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தால், பலருக்கு அது வெறும் சுழிதான். காதுக்கும் நாக்குக்கும் வந்த மொழி கண்ணுக்கு வரவில்லை.

காரணம் எளிது. எழுத்து பிறந்து ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் ஒரு பகுதி உருவாக அந்தக் காலம் போதாது. அதனால் உருவங்களை அடையாளம் காணும் பகுதியில், இடப்பக்கம் பின்னால் அடியில் உள்ள ஓர் இடத்தை மூளை எழுத்துக்குப் பழக்கிக்கொள்கிறது. தமிழோ சீனமோ இந்தியோ, எல்லாருக்கும் ஏறத்தாழ அதே இடம்தான். 1892இல் பாரிஸ் மருத்துவர் டெஜெரின் பதிவு செய்த நோயாளி ஒருவருக்குப் பக்கவாதத்தால் வாசிப்பு மட்டும் போய்விட்டது. பேச்சு இருந்தது, எழுதவும் முடிந்தது. தான் எழுதியதைத்தான் அவரால் படிக்க முடியவில்லை!

வயதானால் எழுத்து ஏறாது என்பதும் தவறு. லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்பித்த ஆய்வு 2017இல் வெளியானது. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் வரை மாற்றம் தெரிந்தது.

நம்பிக்கை: எழுத்தைக் கூட்டினால் ஒலி வரும், ஒலி வந்தால் பொருள் வரும்.

பாதி சரி. அதனால்தான் ஆபத்து.

ஒலி வந்தும் பொருள் வராமல் போவது நம் பக்கத்தில் அன்றாடக் காட்சி. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் மதரஸா பிள்ளைகள் அரபு எழுத்தை அழகாக ஓதுவார்கள். பொருளைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சமஸ்கிருத சுலோகத்தைக் கோயிலில் படிப்பவர்கள் நிலையும் அதுதான்.

பொருள் முந்திக்கொண்டு ஒலியை முடிவு செய்வதும் உண்டு. தமிழ்போல இதற்குச் சாட்சி சொல்லும் எழுத்து குறைவு. ‘பீமன் தோளில் கதை’, ‘பீமன் சொன்ன கதை’ என்று இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்து ஒன்றுதான், ஆனால் முதல் கதையின் ககரம் கனத்து வருகிறது. எது ஆயுதம், எது சம்பவம் என்று தெரியாமல் நாக்கு எப்படி மாறியது? ‘ஐயோ பாவம்’ என்பதிலும், நாட்டியக்காரியின் முகத்தில் தெரியும் ‘பாவம்’ என்பதிலும் இதே கதைதான். (எந்தக் கதை என்று நான் சொல்லத் தேவையில்லை.)

‘கேம்ப்’ என்ற சொல்லையே பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. பஸ் பலகையில் ‘லோயர் கேம்ப்’ என்று பார்க்கிற உள்ளூர்க்காரர் கொம்பையும் காலையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சொல் முழுதாக விழுகிறது, ஊர் மனதில் வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைதான் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. பழகிய மூளையில் இரண்டு பாதையும் சேர்ந்தே ஓடுகின்றன: ஒன்று எழுத்திலிருந்து ஒலிக்கு, மற்றது எழுத்திலிருந்து நேரே பொருளுக்கு. தெரிந்த சொல்லில் இரண்டாவது முந்தும். புதிய மருந்தின் பெயரைப் படிக்கும்போது நாமும் ஒன்றாம் வகுப்புதான்.

பொருள் எவ்வளவு சீக்கிரம் வருகிறது? ‘டீயில் இரண்டு ஸ்பூன் செருப்பு போடுங்க’ என்று படித்தால் உங்களுக்குச் சுருக்கென்கிறதல்லவா? இப்படி இடம் பொருந்தாத சொல் கண்ணில் பட்டு ஒரு நொடியில் பாதிகூட ஆவதற்குள், சுமார் 400 மில்லிநொடியில், மூளையின் மின் அலை தனியாக ஏறி இறங்குவதை 1980இல் மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் கண்டுபிடித்தார்கள்.

நம்பிக்கை: உதடு அசைந்தால் மந்தம். மனதுக்குள் குரல் கேட்காமல் படிப்பவரே கெட்டிக்காரர்.

வேக வாசிப்பு வகுப்புகள் காசு வாங்கிக்கொண்டு விற்பது இதைத்தான். உள்குரல் பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு இருக்கிறது. மௌனமாகப் படிக்கும்போதும் பேச்சுக்கான மூளைப் பகுதிகள் வேலை செய்கின்றன. 1970இல் ஹார்டிக்கும் பெட்ரினோவிச்சும் கல்லூரி மாணவர்களுக்குத் தொண்டைத் தசை அசையாமல் படிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எளிய பகுதியில் நஷ்டமில்லை. கடினமான பகுதியில்தான் புரிதல் குறைந்தது. முன்னால் வந்த சொற்களைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைக்க அந்தக் குரல் உதவுகிறது; நீண்ட தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும்வரை எதையாவது பிடித்துவைத்துத்தானே ஆகவேண்டும்!

கீத் ரேய்னர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் வேகம் ஏறினால் புரிதல் இறங்கும் என்றே சொல்கிறது. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் கிரயப் பத்திரத்தை முணுமுணுத்துப் படிக்கும் பெரியவரை அவசரப்படுத்தாதீர்கள். அந்தப் பத்திரத்துக்கு அதுதான் சரியான வேகம்.