கரிசல் மண்ணும் சுண்ணாம்பும்

மண்ணிலே புளிப்பு மிகுந்தால் பயிர் செழிக்காது. அதனை மாற்றச் சுண்ணாம்பு இடல் வேண்டும். இவ்வறிவுரை நீலகிரி போன்ற மலை நிலங்களுக்குப் பொருந்துவதாகும். அங்கே பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் சென்றுவிடுகின்றது. ஆனால் கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களின் மானாவாரிக் கரிசலுக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்பதை விவசாயப் பெருமக்கள் உணர்தல் அவசியம்.

மண்ணின் கார அமில நிலையை எண்ணால் குறிப்பர். 7 நடுநிலை; அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். நமது கரிசல் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கின்றது. உழும்போது வெளிப்படும் வெண்ணிறச் சுண்ணாம்புக் கட்டிகளே இதற்குச் சான்று. இந்நிலத்தில் மேலும் சுண்ணாம்பு இடுவது பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதோடு, பயிருக்கும் தீங்காகும்.

காரம் மிகுந்த மண்ணில் மணிச்சத்து சுண்ணாம்புடன் பிணைந்துவிடுகின்றது. துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டுவதில்லை. மக்காச்சோளத்தின் இளம் இலைகளில் நடு நரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டைகள் தோன்றினால் அது துத்தநாகக் குறை. இளம் இலையில் நரம்பு பசுமையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளானால் இரும்புக் குறை. இவற்றை யூரியாவைக் கூட்டி இட்டுத் தீர்க்க இயலாது.

செய்யத்தக்கவை வருமாறு:

1. தொழு உரத்தைத் தவறாது இடுக. சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய தொழு உரத்துடன் கலந்து ஊட்டமேற்றி இடுதல் நன்று.

2. துத்தநாகக் குறையுள்ள நிலத்திற்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவுக. மணிச்சத்து உரத்துடன் கலத்தல் கூடாது.

3. இரும்புக் குறைக்கு 100 லிட்டர் நீரில் 1 கிலோ அன்னபேதி கரைத்து இலைமீது தெளிக்கலாம்.

4. யூரியாவை மேலாகத் தூவிவிடாமல் மண்ணுள் படுமாறு இடுக. இல்லையேல் தழைச்சத்து ஆவியாகிப் போகும்.

5. ஜிப்சம் களர் நிலத்தின் மருந்து. பரிசோதனையில் களர் எனத் தெரிந்தாலன்றி, நிலத்தைத் திருத்த அதனை வாங்கற்க.

நிலத்திற்கு நிலம் தன்மை வேறுபடுமாதலால் மண் பரிசோதனையே முதற்படி. கோடையில், எரு இடுமுன், வரப்போரமும் மர நிழலும் நீக்கிப் பத்து இடங்களில் அரையடி ஆழம் வெட்டி, மண்ணைக் கலந்து, அரைக்கிலோ எடுத்து அனுப்புக. 1901-ஆம் ஆண்டு தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருக்கின்றது. அதன் ஆலோசனையையும் பெறுக.

மே முதல் நாள் கிராம சபை கூடும் காலமே மண் எடுக்க ஏற்ற காலம். ஊரார் அனைவரின் நிலத்திற்கும் பரிசோதனை நடைபெற ஊராட்சி உறுப்பினர்கள் அன்றே தீர்மானித்தால், புரட்டாசி விதைப்புக்குமுன் முடிவு கைக்கு வந்துசேரும். மண்ணறிந்து உரமிடுவோர்க்குச் செலவு குறையும்; விளைவு பெருகும்.